பதினொன்றும் இருபதும்

மாதத்தில் பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் என் அக்கா பூங்கொடி ஊரைவிட்டு எங்கும் போகமாட்டாள். கல்யாணமோ காதுகுத்தோ அந்த நாளில் வந்தால், அக்கா புருஷன் துரை மாமாதான் மொய் எழுதப் போவார். மற்ற பெண்களுக்கு அமாவாசை, கிருத்திகை எப்படியோ, இவளுக்கு அந்த இரண்டு தேதி அப்படி. இதற்குக் காரணம் அவளுடைய ஒரே தம்பியாகிய நான், ஜெயக்குமார். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டலாம். நானே தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்காவின் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து புதுப்பட்டினம் போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டு கறவை மாடு, முக்கால் ஏக்கர் நிலம். துரை மாமா கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். மகள் திவ்யா செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறாள். அக்கா வீட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் போய் நின்றால்தான் கிடைக்கும். அந்த இரண்டு தேதிகளிலும் அக்கா காலையில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு தொட்டிக்கடியில் உட்கார்ந்துவிடுவாள். பத்து மணியானாலும் சரி, மூன்று மணியானாலும் சரி. போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். உடனே என்னைக் கூப்பிடுவாள்.

"தம்பி, நம்பர் வந்துகீது. எழுதிக்கோ. நாலு... ஏழு... ஏழு... சைபரு..."

முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு தபா சொல்றேன், சரி பாத்துக்கோ" என்று மறுபடி முதலிலிருந்து படிப்பாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஐந்து வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அது எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதும் இல்லை.

கொரோனா வருஷத்தில் ஆரம்பித்தது இது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலையில் இருந்தேன். ஒரே போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்தில் அப்போது வெள்ளைக்காரன் தலையே தெரியவில்லை. சிப்பித் தோரணம், சிப்பி வைத்த கண்ணாடி, சங்கு விளக்கு எல்லாம் கடை கடையாகத் தூசி அடைந்து தொங்கின. அடிமாட்டு விலைக்கு வாங்கி, போட்டோ எடுத்து, ஆன்லைனில் விற்கும் தளம் ஒன்றில் போடலாம் என்று எனக்கு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அதுதான்.

செங்கல்பட்டில் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் கஸ்தூரிரங்கன் சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் தெளிவாகச் சொன்னார். தெருவில் கடை வைத்து விற்றால் வருஷத்துக்கு நாற்பது லட்சம் வரை ஜிஎஸ்டி எண் வேண்டியதில்லை. ஆன்லைன் தளத்தில் போட்டு வெளி மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே எண் வேண்டும். தளமே நூற்றுக்கு ஒன்று வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். மாதம் பதினொன்றாம் தேதிக்குள் விற்ற கணக்கு, இருபதாம் தேதிக்குள் வரிக் கணக்கு. இரண்டுக்கும் கையெழுத்து கிடையாது, பதிவு செய்தவர் போனுக்கு வரும் எண்தான் கையெழுத்து.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு நான் நேராகப் போனது ஜோசியரிடம். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மினி வேன் வாங்கினால் மகள் ஜாதகம், செங்கல் சூளை போட்டால் மாமியார் ஜாதகம். யாருக்கு ராசியோ அவர் பேரில்தான் தொழில். எங்கள் தாலுகாவில் லாரிக்குச் சொந்தக்காரியான பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், லாரியில் ஏறி உட்கார்ந்தவள் ஒருத்தியும் இல்லை.

"உனக்கு ஏழரை நடக்குதுப்பா. பொன்னைத் தொட்டாலும் மண்ணாப் பூடும். உன் சம்சாரத்துக்கும் நேரம் சுமாருதான்" என்றார் ஜோசியர். அக்கா ஜாதகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணு பேருல போடு. போன் நம்பரும் இதுதா? கூட்டினா ஆறு வருது. அதையே குடு."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரு ராசின்னா எடுத்துக்கோடா. பேரு இன்னா தேஞ்சா பூடும்?" என்று சிரித்தாள்.

ஆடிட்டர் மட்டும் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் பேர்ல எண் வாங்கறேளோ வியாபாரம் அவாளுது, வருமானம் அவாளுது, நாளைக்கு ஒண்ணுன்னா பதில் சொல்ல வேண்டியதும் அவாதான். அந்தம்மாவுக்கு இதெல்லாம் சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன் சார்" என்றேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் பொய் அது.

பதிவுச் சான்றிதழ் வந்தபோது அதன் ஒரு நகலை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அதில் அவள் பேர் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. திவ்யாவை விட்டு எது தன் பேர் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

இரண்டு வருஷம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. புனேவுக்கும் ஜெய்ப்பூருக்கும் சிப்பித் தோரணம் அனுப்பினேன். வேன் வாங்கக் கடன் கேட்டேன், வங்கியில் வருமானவரிக் கணக்கு கேட்டார்கள். லாபம் நாலு லட்சத்து எண்பதாயிரம் என்று கணக்குக் காட்டினோம். என் பேரில் இல்லை, அக்கா பேரில். அவ்வளவு சம்பாதித்த புண்ணியவதிக்கு அந்தத் தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது அறுநூறு ரூபாய்ச் சேலை. அதையே அவள் ஊர் முழுக்கக் காட்டி, "தம்பி எடுத்துகினு வந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு எனக்குப் பேராசை பிடித்தது. சுத்தம் செய்த சிப்பி விலை அதிகம். கடற்கரையில் ஒருத்தன் பாதி விலைக்குக் கொடுத்தான், சதை சரியாக எடுக்காத சிப்பி. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மழை வந்ததும் வாங்கினவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். "பார்க்க அழகு, ஆனால் வீடு முழுக்க மீன் மார்க்கெட் வாடை" என்று ஒரு அம்மா ஐதராபாத்திலிருந்து போட்டோவோடு எழுதியது. அனுப்பின சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. வீட்டில் நுழைய முடியவில்லை, என் மனைவி ரேணுகா மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்தாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று மே மாதம் தளத்தில் கடையை மூடினேன். வேனை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் ராசி போய்விட்டது என்று நொந்துபோவாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். சும்மா பேச்சு. ஊரில் முதலாளி என்று பேர் வாங்கிவிட்டு மூட்டையைக் கட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"வியாபாரம் இல்லேன்னாலும் எண் உயிரோட இருக்கிற வரைக்கும் மாசாமாசம் சைபர்னு கணக்குக் குடுத்தே ஆகணும், இல்லேன்னா அபராதம். பேசாம ரத்து பண்ணிடுங்கோளேன்" என்றார் ஆடிட்டர்.

"தை பொறக்கட்டும் சார், மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

இரண்டு தை வந்து போனது. அக்கா மாதாமாதம் தொட்டிக்கடியில் உட்கார்ந்து எண் படித்தாள். அவள் படித்த எண்ணை வைத்து நான் சைபர் கணக்குக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஊர்ப் பெண்கள் எல்லாம் வேன் பிடித்துத் திருப்பதி போனார்கள். இடையில் இருபதாம் தேதி வருகிறது என்று இவள் மட்டும் போகவில்லை. படித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வியாபாரம் எப்டி கீது தம்பி?"

"நல்லா கீதுக்கா."

நான் கடையை மூடின அதே வருஷம்தான் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்துக்கு ஊரில் முகாம் போட்டார்கள். அக்கா முதல் ஆளாகப் போய் எழுதிக்கொடுத்தாள். பால் காசு மாமா கைக்குப் போகும், நெல் காசு கடனுக்குப் போகும். இந்த ஆயிரம் அவள் கணக்கில் அவளுக்கென்று வருவது. திவ்யாவுக்குக் கம்மல் எடுக்க நகைச்சீட்டுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தாள். எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. "வருமானம் அதிகம்னு போட்டுகீறான்டா, யாரோ பேரு மாறிப் போட்டானோ இன்னாவோ" என்று என்னிடம்தான் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாலு லட்சத்து எண்பதாயிரம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "மறுபடி எழுதிப் போடுக்கா, வரும்" என்றேன். ஊரான் வீட்டு நெய்யே என்று அவள் பேரைத் தடவித் தடவிச் சாப்பிட்டவன் நான். அவள் நெய்யும் போச்சு, கையும் போச்சு. ஊரில் பெண்கள் அவளை 'முதலாளியம்மா' என்று கிண்டல் செய்வதாக ரேணுகா காதில் விழுந்தது. அக்கா அதையும் சிரித்துக்கொண்டு கேட்பாளாம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திவ்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, உங்க வியாபாரம்தான் நல்லா போவுதே. அம்மாவுக்கு மாசம் ஒரு ஆயிரம் நீங்க குடுத்தா இன்னா?"

"இன்னா திடீர்னு?" என்றேன்.

"அம்மா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சு. இருந்தாலும் சொல்றேன். அப்போ மறுபடி எழுதிப் போட்டுதுல்ல, விசாரணைக்குக் கூப்ட்டாங்க. நான்தான் கூடப் போனேன். ஆபீசர் நல்லாதான் பேசினாரு. 'உங்க பேருல ஒரு கம்பெனி ஜிஎஸ்டி நம்பரோட இருக்கும்மா, வருமானவரிக் கணக்கும் இருக்கு. அது உங்களுது இல்லன்னா எழுதிக் குடுங்க, விசாரிச்சு நடவடிக்கை எடுக்கறோம்'னாரு. அம்மா உடனே 'என்னுதுதான் சார்'னு சொல்லிடுச்சு."

"இன்னாது?"

"ஆமா. வெளிய வந்து நான் கத்தினேன். 'தம்பி பொழப்பே அந்தப் பேருல கீது. ஆயிரம் ரூபாக்கு ஆசப்பட்டு அதுல கை வெக்கச் சொல்றியா'ன்னு என்னையே அடிக்க வந்துச்சு. போன வாரம் மறுபடி முகாம் போட்டாங்க. அதுக்கும் போவல."

ரேணுகா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். விசாரணை நடந்தபோது என் கடை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இல்லாத கடையைக் காப்பாற்ற என் அக்கா ஒரு அதிகாரி முன்னால் பொய் சொல்லியிருக்கிறாள். ஐயோ, நான் எப்படிப்பட்ட பாவி!

திவ்யா போனதும் ரேணுகா சொன்னாள். "முழுப் பூசணிக்காய சோத்துல மறச்சிங்க. அந்தம்மா அந்தச் சோத்தயும் சேத்து உங்களுக்கே போட்டுகினு கீது. போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேனா? இல்லை. முதலில் எண்ணை ரத்து செய்துவிடலாம், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பதினாலாம் தேதி ஆடிட்டரிடம் போனேன். புத்தி எங்கே போகும்? காலையில் அக்கா பால் ஊற்றிவிட்டுத் தொட்டியைத் தாண்டும் நேரம் பார்த்துப் போன் செய்து, ஒரு எண் வரும் என்றேன்.

"இன்னிக்குப் பதினாலாச்சேடா?"

"ஒரு புது வேலக்கா."

"புது வேலயா!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

அன்று காலை அரசாங்கத் தளம் வேலை செய்யவில்லை. மூன்று மணிக்கு வரச் சொன்னார் ஆடிட்டர். அக்காவிடம், ஆடிட்டர் ஆபீசில் இருப்பேன், மூன்று மணிக்குத்தான் எண் வரும் என்று சொல்லி வைத்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டால் அவள் போன் கிடைக்கவே இல்லை. நாலாவது தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், அதே அறுநூறு ரூபாய்ச் சேலை. கையில் எவர்சில்வர் தூக்கு.

"தொட்டியாண்ட சிக்னல் படுத்துகினு கீதுடா. புது வேலன்னு வேற சொன்ன, நம்பர் வராம பூட்டா இன்னா பண்றதுன்னு பஸ் ஏறிட்டேன்" என்று மூச்சு வாங்கினாள். "சீம்பால் எடுத்தாந்தேன். நேத்து கன்னு போட்டுச்சு, கெடேரி. பாத்தியா, நல்ல சகுனம்."

கஸ்தூரிரங்கன் சார் அவளை உட்காரச் சொன்னார். கணினி முன்னால் இருந்த அவர் மகள் மானசா, "அப்பா, இப்ப ஓப்பன் ஆறது, அனுப்பட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டாள். அக்கா கையில் போன் கிணுங்கியது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"வந்துட்ச்சு. எழுதிக்கோ தம்பி. எட்டு..."

"இருக்கா. படிக்காத" என்றேன்.

"இன்னாடா?"

அந்த ஒரு எண்ணை மட்டும் அவளிடமிருந்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். சிப்பி நாறினது, சரக்கு திரும்பினது, கடையை மூடினது எல்லாம். அவள் போனைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எப்ப மூடின?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுக்கா."

"அப்ப மாசாமாசம் நான் சொன்ன நம்பரு?"

"சைபர்னு எழுதிக் குடுக்க."

"சைபருக்கு" என்றாள். "அந்த ஆபீசரு கேக்கசொல்ல என்னுதுன்னு சொன்னேன்டா நான்."

"தெரியும்க்கா. திவ்யா சொன்னா. போன ஞாயித்துக்கெழம."

"அப்ப அது தெரிஞ்சுமா இன்னிக்குக் காலைல புது வேலன்ன?"

கடையை மூடினதற்குப் பதில் இருந்தது, மறைத்ததற்குக்கூட ஏதோ ஒரு நொண்டிச் சாக்கு இருந்தது. இதற்கு இல்லை. அழுதேன். ஆடிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. என்னைத் தாண்டி அவரைக் கேட்டாள்.

"ஐயா, இந்த நம்பரு எதுக்கு?"

ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவர் நிதானமாகச் சொன்னார், உங்கள் பேரில் இருக்கும் வியாபாரத்தை இது முடித்துவிடும், இன்னும் ஒரு கடைசிக் கணக்குக் கொடுத்தால் உங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று. தலையாட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு நாற்காலியை மானசா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எழுதிக்கோம்மா. எட்டு... மூணு... சைபரு... ஒண்ணு... ஒண்ணு... ஆறு. இன்னொரு தபா சொல்றேன், சரி பாத்துக்கோ."

எழுந்தபோது தூக்கை மேசை மேல் வைத்தாள். "ரேணுகாகிட்ட குடுத்துடு. சூடு பண்ண வாணாம்னு சொல்லு." பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன். "பொம்பளைங்களுக்கு பஸ் ஓசிதான், நீ போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாளே ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு அனுப்பினேன், இனி மாதாமாதம் அனுப்புவேன். அவள் வந்தது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. சோறு போட்டாள். சாப்பிட்டேன். வியாபாரம் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

அதற்கடுத்த முகாமுக்கு வேண்டிய காகிதங்களை எல்லாம் நான் தயார் செய்தேன். ஜிஎஸ்டி ரத்தான உத்தரவு, கடைசி இரண்டு வருஷ வருமானக் கணக்கு, எல்லாம். வருமானச் சான்றிதழுக்கு ஆன்லைனில் நானே விண்ணப்பம் போட்டேன். அவள் போனுக்கு எண் போனது. நேற்று, இருபதாம் தேதி, பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். தொட்டிக்கடியிலிருந்துதான் பேசினாள், தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது.

"நம்பர் வந்துகீது."

"சொல்லுக்கா" என்று பேனாவைத் திறந்தேன்.

"எதுக்குன்னு நீ மொதல்ல சொல்லு."

சொன்னேன். எந்த அலுவலகம், எந்தச் சான்றிதழ், யார் பேரில், அதில் என்ன வருமானம் எழுதியிருக்கிறேன், அது எதற்கு ஆகும், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"திவ்யாவ ஒரு வார்த்த கேட்டுகினு சொல்றேன்" என்றாள்.

அந்த எண் பத்து நிமிஷம்தான் செல்லும். திவ்யாவுக்கு அப்போது வகுப்பு. அதைச் சொல்லி அவளை அவசரப்படுத்தவில்லை. "சரிக்கா, கேட்டுகினே சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.